இரைச்சல் நின்ற நேரம்

பழைய சைக்கிள் டியூப்பைக் குறுக்கே வெட்டினால் ஒரு கறுப்பு வளையம் கிடைக்கும். விரல் அகலம்கூட இருக்காது. அப்படி ஒரு வளையம் வாக்கி டாக்கி ஒன்றின் இடுப்பைச் சுற்றி மாட்டியிருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அன்று ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தாரை அப்பா வேலை செய்த சுரங்கத்தின் சைட் ஆபீசுக்குள் விடுவார்கள். மேசைமேல் வெள்ளை வேட்டியை விரித்து, ஸ்பானர், டார்ச், மண்வெட்டி, ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் பரப்பி, வாக்கி டாக்கிகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். எல்லாச் செட்டும் ஒரே மாதிரி இருக்க, ஒன்றில் மட்டும் அந்த வளையம். அது ஷிப்ட் இன்சார்ஜ் சாருடைய செட்.

இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது. நினைவுக் குறிப்பு என்றால் காலமானவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். இவர் நன்றாகத்தான் இருக்கிறார். இந்த வயதிலும் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்லதாக நாலு வார்த்தையும் என்னிடம் இல்லை. அவர் என் அப்பாவுக்குச் செய்ததையும், அதற்கு நான் அவருக்குச் செய்ததையும் எழுதப் போகிறேன். படித்துவிட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வன்மம் ஆகாது என்று யாராவது சொன்னால், ஆமாம், அவ்வளவும் வன்மம்தான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அன்று நான் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்சார்ஜ் சார் கோபப்படவில்லை. பூஜை முடிந்து பொரி கடலையை மென்றுகொண்டிருந்தவர், நல்ல மனநிலையில் இருந்தார். "இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். "பேட்டரி மூடி லூசு பாப்பா, விழுந்துடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு வேலைக்கும் ஆகும். பாக்கறியா?" என்று கண்ணைச் சிமிட்டினார். அறை மூலையில் ஒரு பெரிய செட் 'உஸ்ஸ்' என்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அவர் தன் கைச் செட்டின் வளையத்தை மெல்ல மேலே நகர்த்தினார். அது பக்கவாட்டில் இருந்த பேசும் பொத்தானின்மேல் ஏறி, அதை அழுத்திக்கொண்டு நின்றது. செட்டின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேசும் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மூலையில் இருந்த செட்டின் இரைச்சல் சட்டென்று நின்றது. மழை நின்றதுபோல அறையே அமைதியாகிவிட்டது. வளையத்தைக் கீழே இறக்கிய பிறகு அவர் சொன்னார்: "பாத்தியா? வாயாடிப் பசங்க எல்லாம் கப்சிப். நிம்மதியா ரெண்டு இட்லி சாப்பிடலாம்." நான் கைதட்டிச் சிரித்தேன். அந்த வயதில் அது ஒரு வித்தை, அவ்வளவுதான். சிரித்ததற்காக என்மேல் நான் பழி போட்டுக்கொள்ளப் போவதில்லை. போட வேண்டிய பழி முழுவதையும் வேறொருவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனென்ட், கான்ட்ராக்ட். பெண் கேட்டு வருகிறவர்கூட முதலில் அதைத்தான் விசாரிப்பார். பெர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ், வாசலில் பலா மரம், வேளா வேளைக்குத் தண்ணீர். கான்ட்ராக்ட் என்றால் எங்களைப்போல மந்தாரக்குப்பத்தில் ஒண்டுக் குடித்தனம். அப்பா, சுரங்கத்தின் மேல்மண்ணை அள்ளி வெளியே கொட்டும் வேலையை எடுத்திருந்த ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் பெல்ட் ஆள். அள்ளிய மண்ணைச் சுமந்துகொண்டு ரப்பர் பெல்ட் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும். அதை ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான் இருப்பது பெல்ட்டின் தலைமாட்டில் உள்ள கேபினில். வழியில் நிற்கும் பெல்ட் ஆட்கள் கையில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, கல் மாட்டினாலும் ரோலர் நின்றாலும் கேபினைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பள்ளத்தின் அடியிலிருந்து போகும் சிக்னல் பலவீனமாக இருக்கும். அதனால் எல்லாச் செட்டிலும் இரைச்சலை அடக்கும் திருகை முழுவதும் திறந்தே வைத்திருப்பார்கள். இரைச்சலோடு இரைச்சலாகத் தூரத்துக் குரலும் கேட்டுவிடும் என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி. ஷிப்ட் முழுக்க அந்த 'உஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் அடுப்பு எரிகிறமாதிரி இருக்கிறது என்று அப்பா சொல்வார்.

அப்பாவோடு அதே பெல்ட்டில் வேலை செய்தவர் சேத்தியாத்தோப்பு மாமா. சொந்தம் எதுவும் கிடையாது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள், ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். எங்களுக்கு அவர் மாமா ஆகிவிட்டார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் புது அரிசி கொண்டுவருவார். கம்பெனியில் கொஞ்சம் பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தபோது, அப்பாவுக்கும் மாமாவுக்கும் உறுதி என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா எந்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் நல்லது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். விபத்து நடந்தது அந்தச் சமயத்தில்தான்.

காலை ஷிப்ட், டிபன் நேரம். பெல்ட்டை இடம் மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும் பாதுகாப்புக் கயிறு ஒன்று ஓரமாக ஓடும். அந்தப் பக்கத்தில் அதை இன்னும் கட்டவில்லை. சிந்திய மண்ணை வாரிக்கொண்டிருந்த மாமாவின் மண்வெட்டி ரோலரில் சிக்கியது. அவர் விடவில்லையா, விட முடியவில்லையா என்பது அவருக்கே தெரியாது. மண்வெட்டியோடு கை உள்ளே போனது. அப்பா செட்டை எடுத்து, "பெல்ட்ட நிறுத்து, பெல்ட்ட நிறுத்து" என்று கத்தினார். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. கத்திக்கொண்டே கேபினை நோக்கி மண்மேட்டில் ஓடினார். அவர் போய்ச் சேர்ந்து பெல்ட் நின்றபோது மாமாவின் வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. கேபின் ஆபரேட்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "செட்டு அமைதியா இருந்துச்சுங்க. ஒரு சத்தமும் வரலீங்க" என்றார். அப்பா, "நான் கூப்ட்டுகினேதான் ஓடியாந்தேங்க. கூப்புடறதுக்கு முன்னாடியே செட்டுல எரைச்சல் இல்ல. பேட்டரி போச்சோன்னு பாத்தேன், லைட்டு எரியுது" என்றார். பொய் சொல்கிற ஆள் எதற்காக இப்படிச் சம்பந்தமில்லாமல் இரைச்சலைப் பற்றிப் பேசுவான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்சார்ஜ் சார் எழுந்து ஒரே வரியில் முடித்தார். அந்த வரியை அப்பா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், ஏற்ற இறக்கத்தோடு எனக்கு மனப்பாடம். "கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும். கேக்கலன்னா கூப்பிடலன்னுதான் அர்த்தம்." அதற்கு மேல் என்ன வேண்டும்? பெல்ட் ஆள் தூங்கியிருக்கிறான், விழித்துப் பார்த்துப் பதறி ஓடிவந்திருக்கிறான் என்று முடிவானது. அப்பாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். பெர்மனென்ட் பேச்சும் அதோடு போயிற்று.

வேலை போனதை அப்பா தாங்கிக்கொண்டார். குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பட்டறைக்குப் போனார். கொட்டை எண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி கறுத்தன. அவர் தாங்காதது வேறு. ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்க்கப் போனபோது மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை வாசல்வரை வந்து, "தூங்குற மனுசன் வூட்டுலயே தூங்கியிருக்கலாமே, எதுக்கு வேலைக்கு வந்தாரு" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றோடு அந்த உறவு அறுந்தது. பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. போனில் யாரிடம் பேசினாலும் முதலில் "கேக்குதா?" என்று கேட்பார். மறுபக்கத்திலிருந்து "கேக்குது" என்று வந்தால்தான் விஷயத்துக்கு வருவார். வீட்டுக்குள் அடுத்த அறையில் இருக்கும் அம்மாவிடம்கூட, "நான் சொன்னது கேட்டுச்சா?" என்பார். அம்மாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. எனக்கு மட்டும் கடைசிவரை பழகவே இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன். வன்மத்தில் சேரவில்லை, இடம் அதில்தான் கிடைத்தது. தகவல் தொடர்புப் பாடம் எடுத்த மேடம் ஒருநாள் பண்பேற்றம் நடத்தினார். பேச்சு தானாக நெடுந்தூரம் போகாது. அதைத் தூக்கிச் செல்ல ஓர் அலை வேண்டும். அதற்கு ஊர்தி அலை என்று பெயர். அந்த அலை மட்டும் போனால் அதில் ஒரு செய்தியும் இல்லை; ஆளில்லாமல் ஓடும் பஸ். பேச்சுக்கு ஏற்றபடி அந்த அலையை நாம் மாற்ற மாற்றத்தான் செய்தி அதில் ஏறுகிறது. அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒரு வகை. அதன் துடிப்பை வேகப்படுத்தி மெதுவாக்கினால் இன்னொரு வகை. வாக்கி டாக்கி எல்லாம் இந்த இரண்டாவது வகைதான் என்றார் மேடம். பிறகு ஒரு எஃப்.எம். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்தார். 'உஸ்ஸ்' என்று இரைந்தது. பக்கத்தில் இருந்த ஜெனரேட்டரைத் திருகி, பேச்சே இல்லாத வெறும் ஊர்தி அலையை அதே இடத்தில் அனுப்பினார். இரைச்சல் சட்டென்று நின்றது.

"இப்ப என்ன கேக்குது?" என்றார். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றது வகுப்பு. "ஒண்ணும் இல்லன்னா இரைச்சல்தானே கேக்கணும்? அது எங்க போச்சு? இந்த அமைதி சும்மா வந்த அமைதி இல்ல. யாரோ அங்க உக்காந்திருக்காங்க, பேசாம உக்காந்திருக்காங்க." எனக்கு அந்த ஆயுத பூஜை அறை நினைவுக்கு வந்தது. பொரி வாசனை வந்தது என்றுகூடச் சொல்லுவேன். எழுந்து நின்று, "மேடம், அப்ப வேற ஒருத்தர் தூரத்துலேருந்து பேசினா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லி அதையும் செய்து காட்டினார். உயரம் மாறும் வகையில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால், கீச்சென்ற சத்தத்தோடாவது இருவர் குரலும் கலந்து கேட்கும். துடிப்பு மாறும் வகையில் அப்படிக் கிடையாது. எந்த அலை பலமாக வந்து சேருகிறதோ அதுமட்டும் கேட்கும். மற்றதை அது முழுசாக விழுங்கிவிடும். பஸ் ஸ்டாண்டில் காலி வண்டி ஒன்று இடத்தை அடைத்து நின்றால், ஆட்களை ஏற்றிவந்த வண்டி வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். கேபினுக்குப் பக்கத்து அறையில், டிபன் பாக்ஸுக்கு அருகே, வளையம் மாட்டிய ஒரு செட் துண்டுக்குள் சுற்றிக் கிடந்திருக்கிறது. பள்ளத்தின் அடியிலிருந்து அப்பா உயிரைவிட்டுக் கத்தியிருக்கிறார். அவர் குரல் கேபினுக்குப் போகாமல் இல்லை. போய், உள்ளே நுழைய இடமில்லாமல் வெளியே நின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ரேடியோவை வைத்துக்கொண்டு, பேப்பரில் அலை வரைந்து, பஸ் ஸ்டாண்டைச் சொல்லி, ஆயுத பூஜை வளையத்தைச் சொல்லி, மூச்சுவிடாமல் விளக்கினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கறுத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் கூப்ட்டது நெசந்தானா பாப்பா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துகினு இருந்துச்சு. கண்ணசந்துட்டனோ, கூப்ட்ட மாதிரி கனா கண்டனோன்னு" என்றார். நான் இன்சார்ஜ் சாரை வெறுக்கத் தொடங்கியது அந்த வாக்கியத்தில்தான். வேலையைப் பிடுங்கியதைக்கூட ஒரு கணக்கில் விட்டிருப்பேன். ஒரு மனிதனிடமிருந்து அவன் போட்ட சத்தத்தையே பிடுங்கிக்கொண்டதை எப்படி விடுவது?

ஆத்திரத்தோடு மறுநாளே சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். மாமா வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் அலை, பஸ், வளையம். மாமா இடது கையால் மடக்கிவிட்ட சட்டைக் கையை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தைதான் சொன்னார்: "படிச்ச புள்ள, உங்கப்பனுக்காவ நல்லா பேசற. போயிட்டு வா." வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒன்று தெளிவாகிவிட்டது. வார்த்தையால் இது ஆகாது. மாமா அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும். கத்துகிறவனின் வாய் அசைவதும், ஒரு சத்தமும் வராமல் இருப்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அப்படிக் கத்துகிற வாய் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை.

அதற்குப் பல வருடம் காத்திருந்தேன். பழைய ஒப்பந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இன்சார்ஜ் சார் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்து, கார், பங்களா என்று வளர்ந்து, புதுச்சேரியில் குடியேறினார். நான் படிப்பை முடித்து இங்கும் அங்கும் வேலை பார்த்துவிட்டு, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மைக் செட் கடை வைத்தேன். ஒரு பெண் மைக் செட் கட்டுவதா என்று சிரித்தவர்கள், கோயில் திருவிழாவில் என் ஸ்பீக்கர் கரகரக்காமல் பேசியதைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர் ஆனார்கள். மேடைக்குக் கொடுக்கும் கார்ட்லெஸ் மைக்கும் வாக்கி டாக்கியின் தம்பிதான். அதுவும் துடிப்பை மாற்றிப் பேசும் வகை. ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு மைக் வாங்கி, அவற்றில் பலம் கூடிய ஒன்றை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருந்தேன். பழைய டியூப் ஒன்றை வெட்டி அதன் கழுத்தில் ஒரு வளையமும் மாட்டினேன். அது எதற்கும் பயன்படாது. பார்ப்பதற்காக மாட்டியது.

போன வருடம் டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் அவர். வேலையில் அடிபட்ட பழைய தொழிலாளர்களுக்கு அவர் கையால் பொன்னாடையும் ஹாட்பாக்ஸும் வழங்குவதாக ஏற்பாடு. வாங்குகிறவர்களில் சேத்தியாத்தோப்பு மாமாவும் ஒருவர். மைக் செட் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? அப்பாவை வற்புறுத்தி அழைத்துப்போய், கூடத்தின் பின்னால் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மாமா முன்வரிசையில் இருந்தார். இரண்டு கையும் இருக்கிறவர்களுக்கே திறக்கச் சிரமமான ஹாட்பாக்ஸை மடியில் வைத்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு கார்ட்லெஸ் மைக்கில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இன்சார்ஜ் சார் நன்றாகப் பேசினார். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. பாதுகாப்பைப் பற்றிப் பேசினார், தொழிலாளர்கள் தன் பிள்ளைகள் என்றார். "என் ஷிப்ட்ல ஒரு ஆளு கூப்பிட்டு, நான் கேக்காம இருந்தேன்னு சரித்திரமே இல்ல" என்றார். கூடம் கைதட்டியது. பக்கத்தில் அப்பா குனிந்துகொண்டார். நான் துண்டில் சுற்றி வைத்திருந்த இரண்டாவது மைக்கை ஆன் செய்தேன்.

எட்டு ஸ்பீக்கரும் செத்துப்போயின. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, சுத்தமான அமைதி. மேடையில் அவர் வாய் அசைந்தது, கை வீசினார், கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பீக்கரில் ஒரு சொல்லும் வரவில்லை; அவருடைய வெறும் குரலை மேடையோரம் ஓடிய பெரிய ஃபேன்களின் ஓசை அமுக்கிவிட்டது. மைக்கைத் தட்டினார், ஊதினார், "ஹலோ, ஹலோ" என்று உதடு சொல்வது தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். நான் ஒயர் மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"சார், எங்களுக்கு ஒண்ணும் கேக்கலீங்க சார். பேசினீங்களா?"

அவர் தலையைத் தலையை ஆட்டினார். வாயைக் குவித்துக் கத்தினார்.

"பேசியிருந்தா கேட்டிருக்கும் சார். கேக்கலன்னா பேசலன்னுதான் அர்த்தம். அன்னிக்கி பெல்ட் ஆளுக்கு நீங்கதானே இதைச் சொன்னீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒயர் மைக்கை வைத்து, துண்டை உருவிப் போட்டுவிட்டு, வளையம் மாட்டிய மைக்கின் வாயைக் கையால் பொத்தி, அதை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடைவழியில் மேடையை நோக்கி நடந்தேன். முன்வரிசையை நெருங்கும்போது மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தம் வராத அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்சார்ஜ் சாரின் கண் வளையத்தில் விழுந்தது. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்து, மேடை விளிம்புவரை வந்து, என்னிடம் மட்டும் ஏதோ சொல்வதற்காகக் குனிந்தார். அவருடைய மைக் கையிலேயே இருந்தது. அது செத்துப்போன மைக் என்பது அவர் எண்ணம். நான் என் மைக்கை ஆஃப் செய்தேன்.

"ஏம்மா, அது சாப்பிடற நேரத்துக்கு மட்டுந்தாம்மா மாட்டுவேன். அன்னிக்கு அந்த நேரம் பாத்து அவன் கைய விடுவான்னு நான் என்ன கண்டேன்?"

எட்டு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். தன் குரலைத் தானே கேட்டதும் அவர் கையிலிருந்து மைக் நழுவி விழுந்து, அந்தச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. இப்படித்தான் நடக்கும் என்று நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் அது பொய். அவர் வாயை அடைப்பதுவரைதான் என் திட்டம். மிச்சத்தை அவரே செய்துகொடுத்தார்.

மாமா எழுந்தார். ஹாட்பாக்ஸை நாற்காலியிலேயே வைத்துவிட்டார். மேடைக்குப் போவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் திரும்பி, கூடத்தின் கடைசிவரை நடந்து அப்பாவின் முன்னால் போய் நின்றார். "கூப்ட்டியா மச்சான்?" என்றார். அப்பா, "கூப்ட்டுகினேதான் மச்சான் ஓடியாந்தேன்" என்றார். மாமா பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விழா அதோடு கலைந்தது. சிறப்பு விருந்தினர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனதாகச் சொன்னார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சங்கத்துச் செயலாளர் வந்து, இனி எந்த விழாவுக்கும் உன்னைக் கூப்பிட மாட்டோம் என்று திட்டிவிட்டுப் போனார். சரிங்க சார் என்றேன்.

மனசு ஆறிவிட்டதா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஆறவில்லை. கை திரும்பி வராது. அந்தக் குவார்ட்டர்ஸும் வராது, அம்மா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா தன்னையே சந்தேகப்பட்ட வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இன்சார்ஜ் சார் இரண்டொருவரிடம் சொல்லி அனுப்பினார். நேரில் வந்து அப்பாவிடம் பேச வேண்டுமாம், மனசு உறுத்துகிறதாம். எப்படியோ என் நம்பரை வாங்கி, இப்போது அவரே கூப்பிடுகிறார். சில நாள் காலையில், சில நாள் மாலையில். அப்பாவுக்குத் தெரிந்தால் போவட்டும் விடு என்று சொல்லி மன்னித்துவிடுவார். அதனால் அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

நேற்று மாலை கடையில் இருந்தோம். அந்த டியூப் வளையத்தை மேசைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து சேத்தியாத்தோப்புக்குப் போன் போட்டார். தினமும் இந்த நேரத்துக்குப் போடுவார். "கேக்குதா மச்சான்?" என்றார். மாமாவின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "நல்லாக் கேக்குது, சொல்லு." அப்பா சிரித்துக்கொண்டே நெல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது வளையத்துக்குக் கீழே மேசைமேல் கிடந்த என் போனில் வெளிச்சம் வந்தது. சத்தத்தை நான் அடைத்து வைத்திருந்தேன். இன்சார்ஜ் சாருடைய நம்பர். எரிந்து எரிந்து அணைந்தது, மறுபடியும் எரிந்தது. பேச்சை நிறுத்தி அப்பா எட்டிப் பார்த்தார்.

"யாரு பாப்பா கூப்புடறாங்க?"

"யாரும் கூப்பிடலப்பா. ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.